மெகர் லாத்தாவின் ஃபிரிட்ஜில் இரண்டு பொட்டலங்கள்

நான் வேலை பார்க்கும் பெர்கன் நார்வேயில் இருக்கிறது. அங்கே ஆண்டில் பாதி நாள் மழை பெய்யும். மீதி நாள் மழை வரப் பார்க்கும். அந்த ஈரத்துக்குள் உட்கார்ந்துகொண்டு எட்டு வருஷமாக நான் ஜெலட்டின் காய்ச்சுகிறேன். கோயமுத்தூரில் என் அம்மாவிடம் யாராவது விசாரித்தால், "அவ அங்க ஜெல்லி பண்றாளுங்க" என்கிறாள். தப்பு என்று சொல்ல முடியாது.

ஜெலட்டின் என்பது தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுக்கிற பசை. அதைத் தண்ணீரோடு சேர்த்து மெல்லிய தகடாக உறையவைத்தால் ஹைட்ரோஜெல். ஆறாத புண்மேல் ஒட்டினால் புண் காய்ந்து வெடிக்காமல் ஈரமாகவே இருந்து ஆறும். பெரும்பாலும் பன்றித் தோலில்தான் செய்கிறார்கள். பன்றி கூடாது என்பவர்களுக்குக் கால் புண்ணே வராதா என்ன? அதனால் நான் அதைக் குளிர்கடல் மீனான காட் மீனின் தோலில் செய்து பார்க்கிறேன். ஒரே சிக்கல், அந்த மீன் வாழ்ந்தபோதும் வெயில் கண்டதில்லை, செத்த பிறகும் தாங்குவதில்லை. கொஞ்சம் சூடு பட்டால் தண்ணீராகிவிடும். ஒளி காட்டி இறுக்கினால் நிற்கும் என்று நாங்கள் நம்பினோம். "வெயில் இருக்கிற ஊரில் போய்ப் பார்த்துவிட்டு வா" என்றார் என் மேலாளர். அவர் வெயிலைப் படத்தில் பார்த்தவர்.

திருப்பத்தூரில் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவர் எங்களுக்குப் பழக்கம். அவரிடம் இரண்டு ஜெல்லையும் காட்டி, எது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். யார் காலிலும் ஒட்டக் கூடாது. மேசைமேல் வைத்துப் பார்க்கத்தான் அனுமதி. இதற்காக மார்ச் மாதத்தில், அதுவும் நோன்பு மாதத்தில், காரைக்குடியில் வந்து இறங்கினேன்.

ஆட்டோக்காரர் என் தெர்மோகோல் பெட்டியைப் பார்த்துவிட்டு, "என்ன, மீனா?" என்றார்.

"மீன் மாதிரிங்க."

"எங்க ஊருல மீனுக்குப் பஞ்சம்னா இம்புட்டு தூரம் தூக்கியாந்தீக?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வண்டியைக் கிளப்பினார். பெர்கனில் டாக்சி ஓட்டுபவர் எட்டு வருஷத்தில் என்னை ஒரு கேள்வி கேட்டதில்லை. இங்கே ஆட்டோ வீடு போய்ச் சேர்வதற்குள் என் சம்பளம், கல்யாணம் ஆகாத காரணம், மீனின் ஜாதி எல்லாம் பேசி முடிந்திருந்தது.

தங்கியது மெகர் லாத்தா வீட்டில். என்னோடு கல்லூரியில் படித்த பர்வீனின் அக்கா. தொண்டிப் பக்கத்துக் குடும்பம். அக்காவை லாத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐம்பது வயதுக்காரர். கணவர் பினாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை வருகிறார்; நடுவில் அவர் கூட்டாளிகள் யாராவது வந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

"வாங்க வாங்க. பர்வீனோட கூட்டாளின்னா எனக்குத் தங்கச்சிதான். மேல ரூமு இருக்கு, இங்குட்டு கிச்சன் இருக்கு. உங்க வீடு மாதிரி இருந்துக்கங்க."

நார்வேயிலிருந்து வாங்கி வந்த பழுப்புப் பாலாடைக்கட்டியை முறையாக இரண்டு கையாலும் நீட்டினேன். நோன்பு திறந்த பிறகு ஒரு துண்டு வாயில் போட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு அதைச் சோப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

அன்றைக்கு நான் செய்த காரியத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். என்னிடம் இரண்டு பொட்டலம் ஜெலட்டின் பொடி இருந்தது. ஒன்று மீன், ஒன்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான பன்றி. இரண்டும் வெள்ளைப் பொடி, ஒரே மாதிரிக் கவர். பொடியை ஃபிரிட்ஜில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் காரைக்குடி வெயில் எனக்கே பயமாக இருந்தது. பொடிக்கும் இருக்கும் என்று தோன்றியது. "ஃபிரிட்ஜில வெச்சுக்கட்டுங்களா லாத்தா?" என்று கேட்டேன். "இதெல்லாம் கேக்கணுமா?" என்றார். மேல் தட்டில், மலேசியக் காப்பித்தூளுக்குப் பக்கத்தில், இரண்டையும் வைத்தேன். நோன்பு வைத்திருக்கும் முஸ்லிம் வீட்டு ஃபிரிட்ஜில் பன்றியை வைக்கிறோமே என்ற நினைப்பு எனக்கு வரவில்லை. எட்டு வருஷமாக அது எனக்குப் பன்றி இல்லை, பொடி.

மறுநாள் ஊர் சுற்றினேன். லாத்தா நோன்போடு எனக்காக அடுப்பு மூட்டுவதைத் தடுப்பதற்காகப் பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு மெஸ்ஸில் வெள்ளைப் பணியாரம் சாப்பிட்டேன். தொட்டுக்கொள்ளக் காரச் சட்னி. நார்வேக்காரர்கள் உப்பையே மசாலாவில் சேர்ப்பவர்கள். என் நாக்கும் அவர்களோடு சேர்ந்து கெட்டுப்போயிருந்தது போல; கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எதிரே இருந்த அம்மா, "ஊரு நெனப்பு வந்துருச்சாக்கும்" என்று தன் இலையிலிருந்து ஒரு பணியாரத்தை எடுத்து என் இலையில் வைத்தார். நான் மறுக்கவில்லை. ஆறு பணியாரம் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் திருப்பத்தூர். பெர்கனிலேயே உறையவைத்த ஜெல் தகடுகளைப் பெட்டியில் எடுத்துக்கொண்டு டவுன் பஸ்ஸில் ஏறினேன். "லேடீஸுக்கு ஃப்ரீ" என்றார் கண்டக்டர். நான் மகிழ்ந்து முடிப்பதற்குள், "பொட்டி லேடீஸ் இல்லேல்ல, அதுக்கு டிக்கெட் எடுங்க" என்றார். எடுத்தேன். பிள்ளையார்பட்டி போகிற கூட்டம் வழியெல்லாம் என் பெட்டியைத்தான் மேசையாக வைத்துக்கொண்டது. ஒரு அர்ச்சனைத் தட்டு, இரண்டு தண்ணீர் பாட்டில், கொஞ்ச நேரம் ஒரு கைக்குழந்தை. பிள்ளையார்பட்டியில் இறங்கியவர்கள் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார்களா, பிடித்துக்கொண்டு இறங்கினார்களா, தெரியவில்லை.

டாக்டர் பெட்டியைத் திறந்து பார்த்தார். பன்றி ஜெல் தகடாக இருந்தது. மீன் ஜெல் பாதிக்கு மேல் தண்ணீராகி மூலையில் தேங்கியிருந்தது.

"இது கட்டா, கஞ்சியா?" என்றார்.

ஒளி காட்டி இறுக்குவதில் இன்னும் வேலை பாக்கி இருக்கிறது என்றேன். அவர் பன்றித் தகட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

"இது நல்லா நிக்குதே. ஆனா இங்குட்டு வர்ற ஆளுக பலதரப்பட்டவுக. பாய்மாரும் வருவாக, விரதம் இருக்கவுகளும் வருவாக. எதுல செஞ்சதுன்னு சொல்லணுமேம்மா?"

"பெட்டியில எழுதியிருக்குமுங்க டாக்டர். சின்ன எழுத்துல, பின்பக்கம்."

"கேட்டா?"

"கேட்டாச் சொல்லலாமுங்க."

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். வெளியே வரிசையில் பத்துப் பதினைந்து பேர் கால் கட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கட்டுப் போடுபவர் காலை நீட்டச் சொன்னால் நீட்டினார்கள்.

லாத்தா வீட்டில் வைத்திருந்த பொடியில் வியாழக்கிழமை புதிதாகக் காய்ச்சி மறுபடி பார்ப்பது என்று முடிவானது. சாயங்காலம் காரைக்குடி என்று போர்டு பார்த்து ஏறிய பஸ், கண்டரமாணிக்கம் சுற்றிப் போகிற பஸ்ஸாம். அது சுற்றக்கூட இல்லை. கண்டரமாணிக்கம் தாண்டியதும் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் பார்த்துவிட்டு, "பெல்ட்டு" என்றார். எல்லாரும் இறங்கிப் பார்த்துவிட்டு, "பெல்ட்டு" என்றார்கள். பெர்கனில் பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானால் பலகையில் மன்னிப்புக் கேட்டு எழுதுவார்கள். இங்கே ஒரு அண்ணன் வெள்ளரிப்பிஞ்சு வாங்கிப் பங்கு வைத்தார். எனக்கு இதுவே சரி என்று பட்டது. ஆனால் அன்று லாத்தா வீட்டில் நோன்பு திறக்க விருந்து. மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்த தொண்டி வீட்டார் பன்னிரண்டு பேர் வருகிறார்கள். "பாங்கு சொல்றதுக்குள்ள வந்துருங்க" என்று காலையில் இரண்டு தடவை சொல்லி அனுப்பியிருந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பாங்கு சொல்லி, கஞ்சி குடித்து, தொழுது, விருந்தினர் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியம்மா லாத்தாவின் கன்னத்தைத் தட்டி, "பரவாயில்ல மெகரு. இந்த வருஷம் கடல்பாசி கடலாவே வந்துருச்சு, குடிச்சுட்டோம்" என்று சிரித்துவிட்டுக் காரில் ஏறினார். லாத்தா சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு நின்றார். கார் திரும்பியதும் அந்தச் சிரிப்பும் போய்விட்டது.

கடல்பாசி என்பது பாசியைக் காய்ச்சி, பாலும் சர்க்கரையும் சேர்த்து, தட்டில் ஊற்றி உறையவைத்துத் துண்டு போடுகிற இனிப்பு. நோன்பு திறக்க அது இல்லாமல் முடியாது. சொந்தத்தில் மெகர் லாத்தாவின் கடல்பாசிக்குத் தனிப் பேர். கத்தி வைத்தால் கோடு விழும் என்பாள் பர்வீன். அன்றைக்கு அது டம்ளரில் இருந்தது. எனக்கும் ஒன்று எடுத்து வைத்திருந்தார். பசியில் ஒரே மடக்கில் குடித்தேன். ரோஜா வாசனையாக, இளஞ்சிவப்பாக, நன்றாகத்தான் இருந்தது.

"முப்பது வருஷமா காச்சுறேன், ஒரு நாளும் இப்புடி ஆனதில்ல" என்றார் லாத்தா. "அரை மணி நேரம் கிண்டுறேன், கெட்டியாவே இல்ல. தட்டுல ஊத்துனேன், உறையல. ஃபிரிட்ஜுக்குள்ள வச்சேன், கொஞ்சம் புடிச்சுச்சு. வெளிய எடுத்துத் துண்டு போட்டா, அப்புடியே ஓடுது. நீங்க கொண்டாந்த கடல்பாசி, வெளிநாட்டுது, நல்லா இருக்கும்னு நம்பித்தான் போட்டேன்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"எந்தக் கடல்பாசிங்க லாத்தா?"

"மேத்தட்டுல வச்சீகளே, வெள்ளப் பொடி. பினாங்குலேருந்து வர்றவுக எல்லாம் அப்புடித்தான் சொல்லாமக் கொள்ளாம வச்சுட்டுப் போவாக. இது எனக்காண்டு கேட்டா வந்தவுகளுக்குச் சங்கடமா இருக்குமே. பாலாடக்கட்டி சும்மா பேச்சுக்கு, இதான் நெசமா கொண்டாந்ததுன்னு நெனச்சேன்."

அந்தப் பொடி சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. அதை முதலில் எனக்கே சொல்லிக்கொண்டேன். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்தேன். ஒரு பொட்டலம்தான் இருந்தது. அதில் ஸ்டிக்கர் இல்லை. பெர்கனில் எங்கள் லேபில் நல்ல ஸ்டிக்கர் தீர்ந்துபோயிருந்ததால், கடையில் விலை ஒட்டுகிற சாதாரணத் தாளில் 1, 2 என்று எழுதி ஒட்டியிருந்தேன். ஃபிரிட்ஜின் ஈரத்தில் இரண்டும் உரிந்துவிட்டிருந்தன. 1 தயிர்க் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்தது. 2 ஒரு கத்திரிக்காயில் இருந்தது. காலிக் கவர் காலையிலேயே குப்பை வண்டியில் போய்விட்டது.

பன்னிரண்டு விருந்தாளிகள், லாத்தா, அவர் மகள். நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் குடிக்காமல் இருந்து, முதல் வாயாக அவர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.  இதை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

உறையவில்லை என்பதே ஒரு சாட்சிதான். மீன் உறையாது, பன்றி உறையும். ஆனால் அரை மணி நேரம் பாலில் கொதிக்கவைத்தால் பன்றியும் கெட்டுப் போயிருக்கலாம். இது லேபாக இருந்தால், "அநேகமாக மீன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பேன். லாத்தா வீட்டில் அநேகமாக என்ற சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பள்ளிவாசலுக்குப் போகும் ஆண்களின் பேச்சு தெருவில் கேட்டது. லாத்தா பாத்திரங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தார். நான் மிச்சமிருந்த பொடியில் இரண்டு கரண்டி எடுத்து, டம்ளரில் போட்டு, வெந்நீர் ஊற்றிக் கலக்கினேன். மண்பானைத் தண்ணீரைக் கிண்ணத்தில் மொண்டு, அதற்குள் டம்ளரை நிறுத்தினேன். இது உறைந்தால் இதுதான் பன்றி, அவர்கள் சாப்பிட்டது மீன். உறையாவிட்டால் மறு ரயிலில் ஊருக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். யாருக்கும் தெரியப் போவதில்லை. கேட்டால்தானே சொல்ல வேண்டும்? அன்று டாக்டரிடம் நான் சொன்ன அதே வாக்கியம். இப்போது அது நாக்கில் கசந்தது.

கால் மணி நேரத்தில் ஓரம் பிடித்தது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டு டம்ளரைக் கவிழ்த்தேன். விழவில்லை. உதறினேன். விழவில்லை. எட்டு வருஷத்தில் பன்றி ஜெல் உறைந்ததற்காக நான் அழுதது அன்றைக்குத்தான்.

திரும்பிப் பார்த்தால் லாத்தா நிற்கிறார். ஒரு டம்ளரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒருத்தி சிரித்து அழுதால் யார்தான் கேட்க மாட்டார்கள்?

"என்னத்தா ஆச்சு?"

எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு பொட்டலம், மீன், பன்றி, ஸ்டிக்கர், கத்திரிக்காய். அவர்கள் சாப்பிட்டது மீன்தான், நிச்சயமாக மீன்தான் என்று மூன்று தடவை சொன்னேன். கையில் இருப்பது எது என்பதையும் சொன்னேன். லாத்தா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார். 

"தெரியாமத் தின்னுருந்தா அல்லா மன்னிச்சுருவான்" என்றார். "தெரிஞ்சு வச்சவ நீ. ஏன் சொல்லல?"

அதுவரை வாங்க போங்க என்றிருந்தவர் நீ என்றார். எனக்கு அது அடி விழுந்த மாதிரி இருந்தது.

"நீங்க கேக்கலீங்களேன்னு..." என்று ஆரம்பித்தேன்.

"வீட்டுக்காரி கேப்பாளா, என் ஃபிரிட்ஜுல பன்னிய வச்சியாண்டு? வச்சவதான சொல்லணும்?"

மன்னித்துவிடுங்கள் என்றேன்.  அவர் எழுந்து கிணற்றடியிலிருந்து ஒரு சிரட்டையில் மண் அள்ளி வந்தார்.

"எங்க சட்டம் ஏழு தடவ கழுவணும். அதுல ஒரு தடவ மண்ணு சேத்து. காஞ்சுருந்தாத் தொடச்சாப் போதும். ஸ்டிக்கரே உரியிற அளவுக்கு ஈரம் பட்டுருக்கு. நீ வச்ச, நீ கழுவு. நான் எண்ணுறேன்."

கழுவினேன். மேல் தட்டு, தயிர்க் கிண்ணம், கரண்டி, அந்த டம்ளர். எங்கள் லேபில் மூன்று தடவை கழுவினால் சுத்தம் என்று எழுதி ஒட்டியிருக்கிறது. லாத்தாவின் முறை கறார். நான்காவது தடவையில் தட்டின் ஒரு மூலை நனையவில்லை என்று அதை எண்ணிக்கையிலிருந்து தள்ளிவிட்டார். கத்திரிக்காய் குப்பைக்குப் போனது. மிச்சப் பொடியை வீட்டுக்குள் வைக்க மனம் வராமல் வண்டி நிறுத்தும் கொட்டகையில் வைத்தேன்.

ஏழாவது தடவை முடியும்போது கேட்டார்: "அந்தக் கட்ட நாளைக்கு எங்க ஆளுக காலுல ஒட்டுவீகள்ல? அப்ப சொல்லுவீகளா?"

"பெட்டியில எழுதியிருக்குமுங்க லாத்தா."

"எம்புட்டுப் பெருசா?"

விரலிடுக்கில் காட்டினேன். அவர் என் விரலையும் ஃபிரிட்ஜையும் பார்த்தார். 

காலையில் கீழே வந்தால் லாத்தா போனில் தொண்டிச் சம்பந்தியோடு உரத்துப் பேசிக்கொண்டிருந்தார். "கடல்பாசியே இல்லங்குறேன்! மீன் தோலு. மருந்து செய்யிற மீன் தோலு. எங்கையிலயாச்சும் கடல்பாசி உறையாமப் போகுமா?" பெயர் காப்பாற்றப்பட்டது. மீன் தோலைக் குடித்தோம் என்பதில் அந்தப் பக்கம் யாருக்கும் வருத்தம் இல்லை போலிருந்தது.

வியாழக்கிழமை மிச்சமிருந்த பன்றிப் பொடியை டாக்டரின் மேசையில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். எந்தக் கட்டு வந்தாலும், அது எதில் செய்தது என்பதை முன்பக்கம், பெரிய எழுத்தில், தமிழில் எழுதித்தான் அனுப்புவேன் என்றேன். "அப்ப பாதிப் பேரு வேணாம்பாகளே" என்றார். "ஆமாங்க" என்றேன். "சரி, மீனு வெயில்ல நிக்கக் கத்துக்கிட்டதும் கொண்டாங்க" என்று அடுத்த காலைப் பார்க்கப் போய்விட்டார். மேலாளருக்கு இதை எப்படி எழுதுவது என்று பஸ் முழுக்க யோசித்தேன். அவருக்குப் பிடிக்காது.

ஊருக்குக் கிளம்பும் நாளில் லாத்தா ஒரு பொட்டலத்தைக் கொடுத்தார். பினாங்குக் கடல்பாசி. "அங்குட்டுப் போய்க் காச்சிப் பாரு. அஞ்சு நிமிஷத்துல உறையும்." நீ என்றுதான் சொன்னார்; இனிமேல் அப்படித்தான் சொல்வார் என்று புரிந்தது. பொட்டலத்தின் முன்பக்கம் முழுக்க, மகளின் மார்க்கர் பேனாவால், ஒவ்வொரு எழுத்தும் கட்டைவிரல் பருமனுக்கு எழுதியிருந்தது: கடல்பாசி. பாசியில் செஞ்சது. அதன்மேல் செல்லோ டேப்பை மூன்று சுற்றுச் சுற்றியிருந்தார்.

இப்போது அது பெர்கனில் எங்கள் லேப் ஃபிரிட்ஜின் மேல் தட்டில் இருக்கிறது. அங்கே தமிழ் படிப்பவர் யாரும் இல்லை. ஆனால் அதைப் பார்க்கிற ஒவ்வொருவரும் இது என்ன என்று கேட்கிறார்கள்.